ஏழில் நின்ற எண்

“மறுபடியும் யாரு இதுல கை வெச்சது?”

டெல்லா பிக்கப் வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். பின்னால் கோத்திருந்த காலி ட்ரெய்லரின் சக்கரங்களில் ரப்பர் கருகிய நாற்றம்.

மாமனார் ஆர்வில் வேலிக் கம்பத்தில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“எதுல?”

“பிரேக் பெட்டியில, மாமா! கிழட்டுக் குதிரையை ஏத்தி ஓட்டிப் பார்த்து நாலுல வெச்சிருந்தேன். இப்ப ஏழு காட்டுது. பிரேக்கைத் தொட்டதும் ட்ரெய்லர் சக்கரம் சுத்தாம அப்படியே இழுபடுது. போன வாரமும் இதே கதைதான்.” ஓட்டுநர் பக்கமிருக்கும் அந்தப் பெட்டியில் எண் கூடக் கூட ட்ரெய்லர் பிரேக் இறுகிப் பிடிக்கும்.

“என் வண்டி. நான் தொடுவேன்.”

“நான் வெக்கிறது சரியில்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நான் வேலைக்குப் போனதும் திருப்பி வெக்காதீங்க.”

ஆர்வில் மீதிக் காபியைத் தரையில் கொட்டினார்.

சண்டையை நீட்டிக்க டெல்லாவுக்கு நேரமில்லை. அவளுடைய பெண்குதிரை பிஸ்கட்டுக்கு முன்கால் எலும்பில் விரிசல். மலைக்கணவாய்க்கு அப்பாலிருக்கும் மருத்துவரிடம் இன்றே கொண்டுபோயாக வேண்டும். “வழியில திடீர்னு ஒரே ஒரு பிரேக் போட்டா போதும், விரிசல் முறிவாயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்று அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கணவனோ டகோட்டாவில், எண்ணெய்க் கிணற்று வேலையில். ஓட்ட வேண்டியவள் அவள்தான்.

கட்டுப் போட்ட காலுடன் பிஸ்கட் நொண்டி நொண்டி ஏறியது. ஆர்வில் தாமாகவே வந்து அதைப் பின்பக்கம் பார்த்து நிறுத்திக் கட்டினார். முன்கால் அடிபட்ட குதிரையை அப்படித்தான் கொண்டுபோக வேண்டும்.

“பக்கத்துப் பண்ணை கெல்வின் வீட்டு முன்னாடி ரோடுதான் சமமா இருக்கு. அங்க ஓட்டிப் பார்த்து, எண்ணைச் சரியா வெச்சுக்கிட்டுப் போறேன்,” என்றாள்.

“அந்த வாய்க்கால் திருடன் வாசல்லயா?”

“பழசை விடுங்க மாமா. இடி விழுந்து அவர் புல்கொட்டகை மொத்தமும் எரிஞ்சுபோச்சு. மாடெல்லாம் கன்னு போடற நேரம். நம்மகிட்டதான் கொட்டகை நிறையப் புல்லு இருக்கே…”

“என் வயலுக்குத் தண்ணி விடாதவன். அவன் மாட்டுக்கு என் கொட்டகையிலிருந்து ஒரு புல்லுகூடப் போகாது.”

ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காரும் மனிதர் பேசுகிற பேச்சா இது! டெல்லா கதவை அறைந்து சாத்தினாள்.

சாலை காய்ந்திருந்தது. இருபத்தைந்து மைல் வேகம் வந்ததும், காலைப் பெடலில் வைக்காமல், பெட்டியிலிருந்த சிறு பிடியை மட்டும் விரலால் தள்ளினாள். அது ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும். எண் மூன்றில் ட்ரெய்லர் வண்டியை முட்டித் தள்ளியது. ஐந்தில் குளம்புகள் தடதடத்தன. குறைத்தாள். திரும்பி வந்தாள். மறுபடி தள்ளினாள். நாலரையும் சற்று அதிகமாகவே பட்டது. நாலு வைத்தபோது, பின்னாலிருந்து யாரோ சட்டையை மெல்லப் பிடித்து நிறுத்தியதுபோல் வண்டி நின்றது. குளம்புச் சத்தமே இல்லை. அப்போதும் திருப்தியில்லாமல், இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா, எங்க வாசல் ரோட்டை இஸ்திரி போடறியா?”

வேலியருகே கெல்வின் நின்றிருந்தார்.

“பிஸ்கட்டுக்கு அடிபட்டிருக்கு. பிரேக் சரி பண்றேன்.”

“நல்லாப் பண்ணு. குதிரைக்குக் கைப்பிடி கிடையாது பாரு.”

அவருக்குப் பின்னால் பசுக்கள் ஆற அமர மென்றுகொண்டிருந்தன.

“புல்லு கிடைச்சிடுச்சா?”

“யாரோ புண்ணியவான். என் மனைவியை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நாளாப் பார்த்து, கேட் ஓரமா அடுக்கி வெச்சிட்டுப் போயிடறார். சர்ச்சுல எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன், யாரும் ஒத்துக்கலை.” கெல்வின் சிரித்தார். “ஒண்ணு மட்டும் நிச்சயம். உங்க மாமா இல்லை!”

அடுக்கிலிருந்த புல்கட்டுகளை டெல்லா பார்த்தாள். எல்லாம் ஊதா நிறக் கயிற்றால் கட்டியவை. சென்ற கோடையில் கடையில் வேறு நிறம் கிடைக்காமல் அவள்தான் அந்தக் கயிற்றை வாங்கி வந்தாள். ‘புல்லுக்குக் கட்டவா, பொண்ணுக்கு ரிப்பன் வெக்கவா?’ என்று ஆர்வில் வாரம் முழுவதும் கேலி செய்திருந்தார்.

அவள் பார்வை பிரேக் பெட்டிக்குத் திரும்பியது. பாரம் கூடினால் எண்ணும் கூட வேண்டும். ஒரு குதிரைக்கு நாலு. கூரை முட்டப் புல்கட்டு ஏற்றினால், இதே ட்ரெய்லருக்கு ஏழு.

“ஆமா,” என்றாள் டெல்லா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். “அவர் ஒரு புல்லுகூடத் தர மாட்டார்.”

சாயங்காலம் அவள் திரும்பியபோது ஆர்வில் அதே கம்பத்தருகில் நின்றிருந்தார்.

“குதிரை?”

“ஒரு குலுக்கல் இல்லாம கொண்டுபோய் விட்டுட்டேன். கால் கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

டெல்லா வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

“ஏத்திட்டுப் போறப்போ ஏழு சரிதான், மாமா. கெல்வின் வீட்டுல இறக்கினதும் மறக்காம குறைச்சு வெச்சிடுங்க.”