ஆன்லைனில் இருக்கிறார்

கருமாதி முடிந்த மறுநாள், கணவனின் சாமான்களை வாங்கிப்போக கோமதி அவன் அலுவலகத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

“வேலைச்சுமை குறையட்டும்னு சபாபதி தன்னோட மெயில், மெசேஜ் எல்லாத்தையும் குடுத்து ஒரு ஏ.ஐ.யைப் பழக்கி வெச்சிருந்தார்மா. இப்பவும் அவர் மாதிரியே அதுதான் பதில் போடுது. ஒரு வேலையும் நிக்கலை,” என்றார் மேனேஜர்.

“நான் ஒண்ணு கேக்கலாமா சார்?”

மேனேஜர் நகர்ந்து இடம்விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போயிருந்தான். ‘ஏங்க, நான் கோமதி. எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?’ என்று தட்டினாள்.

பதில் உடனே வந்தது. ‘மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்.’

அவன்தான். சந்தேகமே இல்லை. கோமதி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கெளம்பலையாம்மா?”

“மீட்டிங் முடியட்டும் சார்.”