வாயைத் திற

"என் சம்சாரம் தபித்தாளை நோவு கொண்டு போகலைங்க. நான்தான் கொன்னேன்."

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்த தனசிங் இப்படி ஆரம்பித்ததும், கோத்தகிரி குளிரில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்தினார்கள்.

"வலி தாங்காம 'போதும், போதும்'னா. டாக்டரும் ரெண்டு நாள் தாங்காதுன்னுட்டார். ஊட்டுல இருந்த தூக்க மாத்திரை அத்தனையும் அவ வாயில போட்டேன். விடியறப்ப போயிட்டா. வருஷம் ஒண்ணாச்சு, கண்ணை மூட முடியல. இதுக்கு மேல மறைக்க முடியாதுங்க."

அழுதவர்கள் பாதி, செல்போனில் படம் பிடித்தவர்கள் பாதி. ஆயர் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் அந்த வீடியோ மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் மகாலட்சுமி, தேயிலை எஸ்டேட்டில் தனசிங்கின் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே ஊரும் வந்தது.

"கர்த்தர் அவரை மன்னிச்சுட்டாருங்க மேடம். நீங்களும் விட்டுடுங்க" என்றார் ஆயர்.

"கர்த்தரை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க ஐயா. என்னைக் கேப்பாங்க."

"பைக் திருடனைப் புடிக்கத் துப்பில்ல. பொண்டாட்டிய மடியில வெச்சுப் பாத்துக்கிட்ட மனுசனைப் புடிக்க வந்துட்டாங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

தனசிங் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தயாராகவே இருந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கேள்வியே வேண்டாம் மேடம். கூட்டிட்டுப் போங்க."

"நீங்க சொல்லிட்டா ஆச்சுங்களா? நான் கேக்கணுமில்ல? எத்தனை மாத்திரை?"

"எட்டு."

"தண்ணி குடுத்தீங்களா?"

"வேண்டாம்னு தலையாட்டிட்டா."

"தண்ணியில்லாமயா எட்டையும் முழுங்கினாங்க?"

"முழுங்கினாளே! வாயைத் தொறன்னேன். 'ஆ'ன்னு காட்டினா. ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கண்ணு பூரா தண்ணி மேடம். எங்கிருந்து நல்லாப் பாக்கறது?"

கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "செத்தவளையும் நிம்மதியா விடமாட்டாங்க போல" என்றாள் ஒருத்தி, இன்ஸ்பெக்டர் காதில் விழட்டும் என்றே.

விழுந்தது. "அடக்கத்துக்கு முன்னால தபித்தாள் அம்மாவைக் குளிப்பாட்டினது யாரு?" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் கருப்பம்மாவைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி. தபித்தாளோடு முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே. வாயில என்னம்மா, கன்னம் உப்பியிருக்கு?"

வேறு பேச்சு வந்ததில் கருப்பம்மாவுக்கு உயிர் வந்தது. "போயிலைங்க. இது இல்லாட்டி எங்களுக்குக் கையே ஓடாது. நானெல்லாம் சும்மா. தபித்தாளக்காதான் கில்லாடி! தேயிலைக் காட்டுல போயிலை போடக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. 'வாயைத் தொற'ம்பாரு. அக்கா 'ஆ'ன்னு காட்டும். ஒண்ணும் இருக்காது. அவரு அந்தப் பக்கம் போனதும் கடைவாயிலிருந்து எடுத்து மெல்லும்!"

கூட்டம் சிரித்தது. தனசிங்கூட லேசாகச் சிரித்தார். கருப்பம்மாவும் சிரித்தாள், சட்டென்று நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்களுக்குத் தாடையைக் கட்டினப்ப கடைவாயில என்ன இருந்துச்சு கருப்பம்மா?"

"சொன்னா அண்ணனைப் புடிச்சுட்டுப் போயிருவீங்க."

"சொல்லாட்டித்தான் புடிச்சுட்டுப் போவேன். கொலைகாரர்னு."

கருப்பம்மா உடைந்து அழுதாள்.

"மாத்திரைங்க. வாயி காஞ்சு கெடந்ததுல எட்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுகூட உள்ள போகலைங்க. யாரு கண்ணுலயும் படாம எடுத்து அடுப்புல போட்டுட்டேன். வாயைத் தொறந்தா அண்ணனுக்கு ஆபத்துன்னுதான் இத்தனை நாளும்..."

தனசிங் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... நான் கொல்லலையா?"

"நீங்க குடுத்தது நிசம். அதை எழுதத்தான் செய்வேன். அதுக்கு என்னன்னு கோர்ட் சொல்லட்டும். கொலைன்னு எழுத மாட்டேன். அவங்க நோவுலதான் போயிருக்காங்க."

ஆயர் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்க எல்லாரும் விட்டுடச் சொன்னோம். விட்டிருந்தா இந்த மனுசன் சாகற வரைக்கும் கொலைகாரனாவே இருந்திருப்பார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் கிளம்பத் தொப்பியைக் கையில் எடுத்தார்.

தனசிங் யாரையும் பார்க்காமல் கேட்டார். "வேண்டாம்னா துப்பியிருக்கலாமே. என்கிட்ட எதுக்கு முழுங்கின மாதிரி வாயைத் தொறந்து காட்டினா?"

கருப்பம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"துப்பினா உங்க மனசு நோகும். முழுங்கினா கொலைப்பழி உங்களைச் சேரும். வேற எங்கீங்கண்ணா அக்கா அதை வெக்கறது?"