தொடக்கக் கோடு

வெயில் சாய்கிறது. மைதானத்தின் ஓரத்தில் தலை நரைத்த மகன் ஒரு முழங்காலை ஊன்றி, விரல்களை மண்ணில் பதித்துக் குனிந்திருக்கிறான். மஞ்சள் பனியனை முன்பின்னாக மாட்டியிருக்கிறான். அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு இங்கே சனிக்கிழமைதோறும் நடந்த ஓட்டப் பயிற்சியைப் போன மாதமே நிறுத்திவிட்டார்கள். அம்மா படித்துப் படித்துச் சொல்லிவிட்டாள். அவனோ இன்றும் மதியமே ஷூவை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கூட்டி வராமல் என்ன செய்வாள்? கரகரவென்று சுண்ணாம்புத்தூள் வண்டி நெருங்குகிறது. நாளைய கால்பந்து ஆட்டத்துக்குக் கோடு போட்டு வரும் மைதானக்காரர் அதை நிறுத்துகிறார்.

“அண்ணனைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கம்மா.”

“கோச் விசிலடிக்காம அசைய மாட்டான்பா. அப்படிப் பழக்கிட்டாரு.”

“அவருதான் வேலைய விட்டுப் போயிட்டாரே. நீங்களே அடிச்சு விடுங்க.”

அவள் இரண்டு விரல்களை வாயில் வைத்து, கன்னம் குழிய ஊதுகிறாள். பல் போன சந்து வழியாக வெறும் காற்றுதான் வருகிறது. மகனின் முதுகு ஒரு கணம் விறைக்கிறது, பிறகு தளர்கிறது. சிரிக்கப் போன மைதானக்காரர் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு, வண்டியைத் தூக்கி அவனைத் தாண்டி வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். வெள்ளைக் கோடு அவன் ஷூவரை வந்து அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. அம்மா முட்டியைப் பிடித்தபடி மெல்ல அவன் பக்கத்தில் உட்காருகிறாள்.

“இருட்டப் போகுதுடா கண்ணு. வீட்டுக்குப் போலாமா?”

அவன் தலையைத் திருப்பவில்லை.

“நான் ரெடிம்மா. கோச் சார்கிட்ட சொல்லு.”