வெட்டாத துணி

"இதை வெட்டச் சொன்னேனா இல்லையா?"

குட்டி தன் யூனிஃபார்ம் டாப்ஸை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, தையல் மிஷின் மேலேயே போட்டாள். டெய்லரம்மா ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டாள்.

குட்டி என்பது வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பேர். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே என்று கல்யாணத்திலேயே ஒரு சித்தப்பா சிரித்தார். அப்போது எழுபத்திரண்டு கிலோ. நாலு வருஷத்தில் எண்பத்தாறு. காரணம் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு. மாதவிலக்கு இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் வராது. குழந்தையோ வரவே இல்லை.

"முதல்ல பத்து கிலோ குறைச்சுட்டு வாம்மா. அப்புறம் சிகிச்சை பத்திப் பேசலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்கிறவர்களுக்கு என்ன? துணைக்கு நடக்கிறேன் என்று கூட வந்த புருஷன் முதல் மாதமே நாலு கிலோ இறங்கினான். அவளுக்கு நானூறு கிராம். "பேன்ட்டெல்லாம் நழுவுது பாரேன்" என்று அவன் வேறு பெருமை அடித்துக்கொண்டான். மூன்று நாள் அவனோடு அவள் பேசவில்லை.

ஆனாலும் விடவில்லை. லிஃப்டை மறந்தாள், சர்க்கரையை மறந்தாள், ஆபீஸில் பிறந்தநாள் கேக் வெட்டினால் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள். பதினோரு மாதத்தில் பன்னிரண்டு கிலோ போயிருந்தது. பத்து குறைந்ததுமே டாக்டரும் மாத்திரையை ஆரம்பித்திருந்தார்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே எல்லாருக்கும் கிளிப்பச்சை யூனிஃபார்ம். இளைக்க இளைக்க அது தொளதொளத்தது.

முதல் தடவை சைடு பிடிக்க வந்தபோது, "எதுக்கு இளைக்கிறே, நல்லாத்தானே இருக்கே?" என்று டெய்லரம்மா கேட்டாள். யாரிடமும் சொல்லாததை ஏனோ அவளிடம் சொல்லிவிட்டாள் குட்டி. டெய்லரம்மா "ம்" என்றாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அத்தோடு சரி.

இதுவரை மூன்று தடவை பிடித்தாயிற்று. மூன்று தடவையும், "மிச்சத் துணியை வெட்டி எறிஞ்சிடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். "ஆகட்டும்" என்பாள் டெய்லரம்மா. வாங்கிப் புரட்டிப் பார்த்தால் புதுசாக ஒரு வரிசைத் தையல் ஓடியிருக்கும், துணி அப்படியே இருக்கும். இப்போது மூன்று வரிசை. மடிந்த துணி இடுப்பின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு, கஷ்டப்பட்டுக் குறைத்த சதையைத் திருப்பி ஒட்டி வைத்த மாதிரி இருந்தது.

போதாக்குறைக்குப் போன வாரம் இதே கடை வாசலில் அவள் காதில் ஒன்று விழுந்தது. டெய்லரம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "இப்ப வெட்டு வெட்டுன்னு நிப்பாங்க. ஆறு மாசத்துல பழைய உடம்பு வந்துடும். வெட்டினதை ஒட்டிக் குடுன்னு அப்புறம் என்கிட்டயே வருவாங்க."

அதைத்தான் இப்போது கேட்டுவிட்டாள்.

"எல்லாரையும் மாதிரி நானும் திரும்ப ஊதிடுவேன்னுதானே நினைக்கிறீங்க?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"போன வாரம் சொன்னீங்களே."

"அது கல்யாணத்துக்காகப் பட்டினி கிடக்கிற ஒரு மாப்பிள்ளையைச் சொன்னேன். பழைய கோட்டைப் பிடிக்கக் குடுத்திருக்கான்."

"அப்ப என்னோடதை வெட்ட வேண்டியதுதானே?"

"வெட்டலாம். எங்கே ஓடிடப் போகுது? எதுக்கு இத்தனை அவசரம்?"

"அவசரமா?" குட்டியின் குரல் உடைந்துவிட்டது. "இன்னிக்குக் காலையில என் ரிப்போர்ட்டை நானே எடுத்துப் பார்த்தேன். இந்த மாசமும் இல்லை. என் கையாலதான் ஊருக்கெல்லாம் நல்ல செய்தி குடுக்கிறேன், எனக்கு மட்டும் இல்லை. குறைச்சா நடக்கும்னாங்க, குறைச்சேன். என்னால குறைக்க மட்டும்தான் முடிஞ்சுது. அதையாவது நீங்க நம்பக் கூடாதா?"

டெய்லரம்மா வாயைத் திறப்பதற்குள் குட்டி கத்திரியை எடுத்துவிட்டாள். டாப்ஸை இழுத்து, இடது பக்கத்துத் துணியைக் கொத்தாகப் பிடித்தாள். "நீங்க வெட்ட வேணாம், நானே வெட்டிக்கிறேன்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே டெய்லரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நல்ல பிடி. நாள் பூராவும் துணியோடு மல்லுக்கட்டுகிற கை.

"விடுங்க."

"நீ முதல்ல அதைக் கீழே வை."

"எதுக்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க? துணி என்னோடது."

"துணி உன்னோடதுதான். வேலை என்னோடது." கத்திரியை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள். ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள். "உட்காரு."

குட்டி உட்கார்ந்தாள். அழுகையை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கை உறிஞ்சினாள். டெய்லரம்மா கீழே கிடந்த ஒரு வெட்டுத் துண்டை எடுத்து நீட்டினாள். பார்த்தால், லைனிங் துணி. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு. உன்னை நம்பாம என்ன?" என்றாள் டெய்லரம்மா. டாப்ஸை மடியில் விரித்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் வெட்டலை?"

டெய்லரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏண்டி, இதை வெட்டிட்டா அஞ்சாம் மாசம் உன் வயித்துக்கு எதைப் பிரிச்சு விடுறது? இந்தக் கிளிப்பச்சையில துணிக்கு அப்ப நான் எங்கே போவேன்?"