எரிவாயுவுக்கு ஆரத்தி

யாரும் அதுவரை தோண்டிப் பார்க்காத ஒரு படுகையில், பாறைக்கு அடியில் எரிவாயுவும் ஹீலியமும் அடைபட்டுக் கிடந்தன. ஒருநாள் துளைப்பான் பாறையைக் குடைந்துகொண்டு வந்தது.

"என்னைத் தேடித்தான் வருகிறார்கள். யாரோடும் ஒட்டாத உன்னை எவன்டா கூப்பிடுவான்?" என்றது எரிவாயு.

"அவசரப்படாதீங்க அண்ணே. முதலில் வருகிறவரைக் கொளுத்தித்தான் சோதிப்பார்களாம்," என்றது ஹீலியம்.

"பொறாமைடா உனக்கு!"

எரிவாயு முண்டியடித்துக் குழாயில் ஏறியது. உச்சியில் எரிந்த நெருப்பைக் கண்டு பூரித்துப் போனது.

"பார்த்தாயா, ஆரத்தி!"

அதுதான் அதன் கடைசிப் பேச்சு. பின்னால் வந்த ஹீலியம் சூடுகூடப் படாததுபோல் அந்தத் தீயைக் கடந்து வானத்துக்குப் போனது.

கீழே லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹீலியமும் இருந்திருக்குமோ?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

"இருந்தால் எரிந்திருக்குமே சார்!" என்றார் உதவியாளர்.