முகத்துக்கேற்ற மதிப்பெண்

மலேசியாவின் கிள்ளானில் யோகேஸ்வரி படிக்கும் பள்ளியில், தேர்வு மேசை முதலில் முகத்தைப் பார்த்து, அந்த இனத்துப் பிள்ளைக்கு வர வேண்டிய மதிப்பெண்ணைச் சொல்லும். இந்தியப் பிள்ளையான அவளுக்கு ஐம்பத்தெட்டு. அதைத் தாண்டினால் காப்பியடித்தாள் என்று அர்த்தம். அவள் அண்ணன் கோபிநாத் தொண்ணூறு எடுத்துத்தான் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான்.

"உனக்கென்னா, நிம்மதி," என்றாள் பக்கத்து மேசை ஷூ மின். "நான் தொண்ணூறுக்குக் கீழ போனா, சீனப் பிள்ளைக்கு என்ன நோயோன்னு டாக்டர்கிட்ட அனுப்பிருவாங்க."

யோகேஸ்வரி சிரித்துவிட்டு, வழக்கம்போல வேண்டிய அளவுக்குத் தப்பாக எழுதினாள். மேசையில் பச்சை விளக்கு எரிந்தது.

வீடு திரும்பியதும் அம்மா அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். தேர்வுக்கு முன்னால் பூசினால் மேசை இன்னும் குறைத்துவிடும் என்று பயம்.

"கடைசிக் கணக்குக்கு என்னா எழுதின?" என்று கேட்டான் அண்ணன்.

சொன்னாள்.

"தப்பு புள்ள."

"தெரியும்ண்ணே. வேணும்னுதான்."

"சரி, சரியான விடை என்னா?"

யோசித்தாள். வரவில்லை. தாளை எடுத்து முதலிலிருந்து பொறுமையாகப் போட்டுப் பார்த்தாள்.

பள்ளியில் எழுதிய அதே விடைதான் வந்தது.