குரூப்பை விட்டுக் கிளம்பியவர்கள்

புருஷன் அரசுவின் காரியம் முடிந்த மறுநாள் காலையில், வச்சலா அந்த வாட்ஸப் குரூப்பை விட்டு வெளியேறினாள்.

கிட்னி கெட்டவர்கள் ஏதோ மூலிகை கேப்சூலைச் சாப்பிட்டுவிட்டு, தேறிய கதையை எழுதும் குரூப் அது. கெட்ட சேதி போடக்கூடாது என்பது அங்கே சட்டம். நோயாளிகளின் மனசு உடைந்துவிடுமாம். சட்டமென்றால் சட்டம்தானே. புருஷன் செத்ததை அவள் போடவில்லை.

கூடுவாஞ்சேரி சாரதாம்பாள் அங்கே தினமும் எழுதுவார். கால் வீக்கம் வடிந்துவிட்டது, பசி எடுக்கிறது என்று. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் குரூப்பை விட்டுப் போய்விட்டார்.

குணமானவருக்கு குரூப் எதற்கு என்று ஆளாளுக்குப் பூங்கொத்து போட்டார்கள். வச்சலாவும் போட்டாள்.

அரசு அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மாமல்லபுரத்துக் கரையில் எந்தப் படகு நிறைய மீனோடு திரும்பியதோ, மறுநாள் அந்தத் திசைக்கே வலையோடு போகிறவன் அவன்.

“சொகமானவங்க ஒவ்வொருத்தரா கெளம்பிக்கினே கீறாங்க பாரு. நாமளும் ஒரு நாள் கெளம்புவோம்” என்றான்.

செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் போவதை நிறுத்திவிட்டான். அவள் தடுக்கவில்லை. பாவி, அவளும்தான் நம்பினாள்.

இன்று குரூப்பை விட்டு வெளியேறிவிட்டுப் போனைக் கீழே வைப்பதற்குள் மணி அடித்தது. கேளம்பாக்கம் உம்மு சல்மா. அதே குரூப்தான், அவள் கணவர் நூர்முகமதுக்கும் கிட்னி.

“அக்கா, நீங்க கெளம்பிட்டீங்கன்னு பாத்ததும் எங்க வூட்ல பெருநாள் மாதிரி கீது! அண்ணனுக்கே சொகமாயிடுச்சுன்னு, இவரு இன்னிக்கு டயாலிசிஸ் வாணாம்னுட்டாரு.”

சாரதாம்பாள் எங்கே போனார் என்பது வச்சலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பூங்கொத்து போட்ட விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

“அவரு செத்துட்டாரும்மா. காரியமே முடிஞ்சிபோச்சு. உன் காலைப் புடிச்சி கேக்கறேன், உன் வூட்டுக்காரரை இட்டுகினு இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடு.”

மறுமுனையில் அழுகையை விழுங்குவது கேட்டது.

பின்னாலிருந்து நூர்முகமதின் குரல் வந்தது. அரசு எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அந்தக் குரலில் அப்படி ஓர் ஆசை.

உம்மு சல்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கடலுக்குப் போய்கினு கீறாராம்ங்க” என்றாள்.